பல்தான் வருகிறதா? முதல் குழந்தையை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரையுள்ள எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில், ஐந்து மாதக் குழந்தை சட்டை நனைய எச்சில் வடித்துக்கொண்டு இரவெல்லாம் சிணுங்கினால், அம்மாயி (அம்மாவின் அம்மா) ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பல்லு வருது கண்ணு, வேற ஒண்ணுமில்ல." பல நேரங்களில் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். தவறாகிப்போகும் சில நேரங்களில்தான் குழந்தை ஆபத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே, பல் என்பது முதலில் சொல்ல வேண்டிய பதில் அன்று. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகு கடைசியில் வந்து சேர வேண்டிய பதில். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு எட்டாம் மாதத்தில் மூன்று நாள் காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. கீழ் ஈற்றில் இரண்டு பற்கள் அப்போதுதான் வெள்ளையாக எட்டிப் பார்த்திருந்தன. வீட்டிலும் மருந்துக் கடையிலும் பல்தான் காரணம் என்றார்கள், நானும் நம்பினேன். நான்காம் நாள் சிறுநீரைப் பரிசோதித்தபோது சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. பல் முளைத்ததும் உண்மை, தொற்று இருந்ததும் உண்மை. பல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்பதாலேயே தேடலை நிறுத்திவிடக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

முதலில் வயதைப் பாருங்கள்

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் பல் ஆறாம் மாதத்தை ஒட்டி முளைக்கிறது. நான்காம் மாதத்திலேயே முளைப்பதும் உண்டு, ஒரு வயது நிறையும் வரை முளைக்காமல் இருப்பதும் உண்டு, இரண்டுமே இயல்புதான். குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணினால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். வழக்கமாகக் கீழ் நடுப்பற்கள் இரண்டும் முதலில் வருகின்றன. அடுத்து 8 முதல் 12 மாதத்துக்குள் மேல் நடுப்பற்களும், பிறகு அவற்றின் பக்கத்துப் பற்களும் வரும். 13 முதல் 19 மாதத்துக்குள் முதல் கடைவாய்ப் பற்களும், அதற்குப் பின் கோரைப் பற்களும், இரண்டு வயதைத் தாண்டி இரண்டாம் கடைவாய்ப் பற்களும் வந்து, மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் நிறைந்துவிடும். 18 மாதம் ஆகியும் ஒரு பல்கூட இல்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இன்னும் நிற்கிறது. வரிசை மாறி முளைப்பது பல குழந்தைகளிடம் காணப்படுவதுதான். மாமனுக்கு அதனால் ஒன்றும் வராது. சடங்கு செய்தால் செலவு வேண்டுமானால் வரும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு மாதக் குழந்தை அழுதால் அதற்குப் பல் காரணமாக இருப்பது மிக அரிது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அளவைத் தொட்டால், பல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எச்சிலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்

இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆனால் ஊறும் எச்சிலை ஒழுங்காக விழுங்கும் பழக்கம் அப்போது இன்னும் வந்திருக்காது. அதைத் தடுத்து நிறுத்த முன்பற்களும் இல்லை. எனவே அது வடிகிறது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் குழந்தை தன் கையைக் கண்டுபிடித்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்குகிறது. எச்சில் வடிவதும் கையைக் கடிப்பதும் சேர்ந்து வருவதால் இரண்டும் பல்லின் அறிகுறி என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அவை வளர்ச்சியின் படிகள். முதல் பல் அதற்குப் பின் மூன்று, நான்கு மாதம் கழித்துக்கூட வரலாம்.

எச்சிலில் அஞ்ச வேண்டிய வகை வேறு. காலைவரை இயல்பாக இருந்த குழந்தை திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாக எச்சில் வடித்து, பாலை விழுங்க முடியாமல் ஓங்கரித்தால், தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், பொம்மையின் பொத்தான் பேட்டரி ஆகிய எதுவாகவும் அது இருக்கலாம். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். விரலை விட்டுத் துழாவாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்சிலோடு காய்ச்சலும் சேர்ந்து, மூச்சு இழுக்கும்போது கரகரவென்று ஒலி வந்தாலும் அதே அவசரம்தான்.

ஈற்றைத் தொட்டுப் பாருங்கள்

சோப்புப் போட்டுக் கழுவிய சுண்டுவிரலால் கீழ் ஈற்றின் முன்பகுதியை மெல்லத் தடவுங்கள். பல் அருகில் வந்திருந்தால் ஈறு அந்த இடத்தில் சற்றுப் புடைத்து, சில நேரம் சிவந்து, விரலுக்குக் கடினமான விளிம்பாகத் தட்டுப்படும். தோலுக்கடியில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் சில நாளில் வெளியே வரும் என்று எதிர்பார்க்கலாம். சங்கில் பால் புகட்டும் வீடுகளில், சங்கின் விளிம்பு பட்டு 'டிக்' என்று கேட்கும் ஒலியில்தான் முதல் பல்லைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள்.

பல் வரும் இடத்தில் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ சிறு கொப்புளம் தெரிந்தால் பதற வேண்டாம். பல்லுக்கு மேலே நீரோ இரத்தமோ தேங்குவதால் வருவது அது. பல் வெளியே வந்ததும் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஊசியால் குத்திவிடக் கூடாது. ஈற்றில் புடைப்போ கடினமோ எதுவுமே இல்லாமல், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. அதனாலும் குழந்தை பால் குடிக்கும்போது அழும்.

நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் உதவியது இதுதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர்கள் 125 குழந்தைகளின் பெற்றோரிடம் நாள்தோறும் வெப்பநிலை, அறிகுறிகள், முளைத்த பற்கள் ஆகியவற்றைக் குறித்துவரச் சொல்லி, அதன் முடிவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பல் முளைப்பதோடு தொடர்புள்ள தொந்தரவுகள், பல் வெளிவருவதற்கு முந்தைய நான்கு நாள், வெளிவரும் நாள், அடுத்த மூன்று நாள் என்று எட்டு நாளுக்குள்தான் கூடுதலாகக் காணப்பட்டன. கடிப்பது, எச்சில் வடிவது, ஈற்றைத் தேய்ப்பது, எரிச்சல், காதைத் தேய்ப்பது, முகத்தில் தடிப்பு, கெட்டியான உணவின் மீது விருப்பம் குறைவது, வெப்பம் சிறிது கூடுவது ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. மூக்கடைப்பு, இருமல், வாந்தி, பேதி, பால் போன்ற நீராகாரத்தை மறுப்பது, முகத்தைத் தவிர மற்ற இடங்களில் தடிப்பு, கடுமையான காய்ச்சல் ஆகியவை அதில் இல்லை. பட்டியலில் இருந்தவையும்கூட எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடவில்லை. எந்த ஒரு அறிகுறியும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளைத் தாண்டவில்லை.

எனவே நோட்டில் நாள், காலை மாலை வெப்பம், குடித்த பாலின் தவணை, சிறுநீர் நனைத்த துணிகளின் எண்ணிக்கை, மலம், ஈற்றின் நிலை ஆகியவற்றை எழுதிவாருங்கள். மூன்று வாரமாகப் பல் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த நோட்டைத் திறந்தால், அது பல்லாக இருக்க முடியாது என்பது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். உணவைப் பற்றிய குறிப்பு சிறப்பாக உதவும். அங்கன்வாடியில் தரும் அம்ருதம் பொடியைக் காய்ச்சி ஊட்டினால் துப்பிவிடுகிறது, ஆனால் தாய்ப்பாலை வழக்கம்போலக் குடிக்கிறது என்றால் பல்லாக இருக்கலாம். தாய்ப்பாலையே மறுத்தால் நோயைத் தேட வேண்டும்.

காய்ச்சலுக்குக் கையை நம்பாதீர்கள்

நெற்றியில் புறங்கை வைத்துச் சொல்லும் கணக்கு போதாது. டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, குழந்தையின் அக்குளைத் துடைத்து, ஒலி வரும்வரை வைத்துப் பாருங்கள். பல் முளைப்பதால் வெப்பம் சிறிது கூடலாம்; 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரணம் சளிக் காய்ச்சலாகவோ, காதுத் தொற்றாகவோ, என் மகளுக்கு வந்ததுபோல வெளியே எந்த அடையாளமும் காட்டாத சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம். மழைக்காலத்தில் டெங்குவாகவும் இருக்கலாம். காதை இழுப்பது பல்லாலும் நடக்கும். ஆனால் சளி பிடித்த சில நாளில் காய்ச்சலோடு காதைப் பிடித்துக்கொண்டு, படுக்கவைத்தால் கூடுதலாக அழுதால், காதைக் காட்டத்தான் வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளுக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது வழக்கம். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கோ காய்ச்சல் ஒரு வாரம் கழித்து வரக்கூடும். அதற்குள் ஊசியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பழி பல்லின் மேல் விழும்.

"பல்லுப் பேதி" என்று ஒன்று இல்லை

இந்த நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறாம் மாதத்தை ஒட்டிப் பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருட்கள் குறைந்துவருகின்றன. தாய்ப்பாலோடு இணை உணவும் தண்ணீரும் தொடங்குகின்றன. குழந்தை தவழ்ந்து, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. பல்லும் அப்போதுதான் முளைக்கிறது. எல்லாம் ஒன்றாக வருவதால், கையழுக்காலும் தண்ணீராலும் வந்த பேதிக்குப் பல்லைக் காரணமாகச் சொல்லிவிடுகிறோம். பல்லால் வந்தது தானாகவே நின்றுவிடும் என்று காத்திருக்கும் இரண்டு நாளில் குழந்தையின் உடல்நீர் வற்றிப்போகிறது.

பேதி தொடங்கியவுடன் தாய்ப்பாலை நிறுத்தாமல் கூடுதலாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் உறையில் எழுதியுள்ள அளவைப் படித்து, ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை என்று கண்ணளவில் கலப்பது தவறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகப் புகட்டலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது. துத்தநாக மாத்திரையை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், பேதி நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுக்க வேண்டும். இவை இரண்டும் எல்லையின் இருபுறமும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். கேரளப் பக்கம், ஊரின் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

உச்சிக்குழி உள்வாங்குவது, கண் குழிவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது ஆகியவை நீர் வற்றியதன் அடையாளங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. உள்ளே சிக்கிய உணவை வெளியே எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அங்கே செலவாகும் ஒரு மணி நேரம்தான் பல நேரங்களில் குழந்தைக்குத் தேவைப்பட்ட ஒரு மணி நேரம்.

வாய்க்குள் புண் இருக்கிறதா?

உணவையும் பாலையும் மறுத்து, எச்சில் வடித்து, காய்ச்சலும் அடித்தால், டார்ச் வெளிச்சத்தில் வாய்க்குள் பாருங்கள். நாக்கிலும் அண்ணத்திலும் சிறு புண்களும், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்களும் இருந்தால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்துக் குழந்தைகளிடம் பரவியபோது மலையாளத்தில் 'தக்காளிப் பனி' (தக்காளிக் காய்ச்சல்) என்று பேர் பெற்றது இந்த வகை நோய்தான் என்று பின்னர் கருதப்பட்டது. அப்போது வாளையாறு சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு வந்தவர்களை நிறுத்திப் பார்த்ததை இங்கே பலர் நினைவில் வைத்திருப்பார்கள். எச்சில் ஊறி முகவாயில் மட்டும் வரும் சிவப்புத் தடிப்பு வேறு. அதை ஒற்றித் துடைத்து வாசலின் தடவினால் போதும்.

மருத்துவரிடம் எந்த மொழியில், என்ன சொல்வது

கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையத்துக்குச் சென்றாலும் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ சென்றாலும், "பல்லு வருதுன்னு நினைக்கிறோம்" என்று தொடங்காதீர்கள். முடிவை முதலில் சொன்னால் கேட்பவரும் அதன் வழியே போய்விட வாய்ப்புண்டு. நோட்டில் உள்ளதைச் சொல்லுங்கள்: எத்தனை நாள், எவ்வளவு வெப்பம், எத்தனை முறை பேதி, கடைசியாக எப்போது சிறுநீர் போனது. மலையாளம் மட்டும் தெரிந்த செவிலியரிடம் 'பனி' என்றால் காய்ச்சல். 'சர்த்தி' என்றால் வாந்தி. பேதியை 'வயறிளக்கம்' என்றும் ஈற்றை 'மோண' என்றும் சொன்னால் புரியும். எச்சில் என்ற சொல்லை மலையாளத்தில் உண்ட மிச்சத்துக்கும் சொல்வதால், வாயைத் தொட்டுக் காட்டிவிடுவது எளிது.

பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்க நிலை, இரண்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள்ளான குழந்தை ஒரு நிமிடத்தில் 50 முறைக்கு மேல் மூச்சு விடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். இரு மாநிலத்துக்கும் எண் ஒன்றே. எல்லையில் அழைப்பு எந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாலும் குழப்பம் வராதபடி, ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பல்தான் என்று தெளிந்த பிறகு

மேலே சொன்னவை எதுவும் இல்லை, ஈறு மட்டும் புடைத்திருக்கிறது, குழந்தை பால் குடிக்கிறது, தூக்கினால் சமாதானமாகிறது என்றால், இப்போது அம்மாயி சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம். கழுவிய விரலால் ஈற்றை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்துவிடுவதே சிறந்த மருந்து. சுத்தமான பருத்தித் துணியை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். உறைநிலையில் கல்லாக இறுகியதைக் கொடுத்தால் ஈறு புண்ணாகும். கேரட் துண்டு, பனங்கிழங்கு, கரும்பு போன்றவை கடித்து உடைந்து தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை என்பதால் வேண்டாம்.

ஈற்றில் தடவும் மரத்துப்போகச் செய்யும் களிம்புகளை வாங்காதீர்கள். பென்சோகெய்ன் கலந்தவை இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் மீண்டும் எச்சரித்தது. வாய்ப்புண்ணுக்கென்று இங்கே கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் கோலின் சாலிசிலேட் களிம்பும் குழந்தைகளுக்கு உரியது அன்று. ஒரு வயதுக்குள் தேன் தடவக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருந்தாலும், அதை உரைத்துப் புகட்டுவதும், கடிக்கட்டும் என்று கையில் வசம்பு வளையல் மாட்டுவதும் வேண்டாம் என்பதே என் கருத்து. மணி உதிர்ந்தால் தொண்டையில் சிக்கும்.

இரவில் வலியால் தூங்கவே முடியாமல் போனால், மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவில் பாராசிட்டமால் ஒரு வேளை கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான வழக்கமான கணக்கு. இங்கே ஒரு கண்ணியுண்டு: சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பிலோ ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். பாட்டிலை மாற்றி எடுத்து அதே மில்லி அளவில் ஊற்றினால் மருந்து பல மடங்கு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். எந்தப் பாட்டிலுக்கு எத்தனை மில்லி என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

முதல் பல் தெரிந்த அன்றே துலக்கலும் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷில் அரிசி மணி அளவு ஃபுளூரைடு பற்பசை வைத்து நாளுக்கு இருமுறை துலக்கிவிட்டு, ஒரு வயதுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடலாம். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வயதுக்குப் பிறகு வரும் கடைவாய்ப் பற்கள் முன்பற்களைவிட அகலமானவை, அப்போதும் இதே கேள்விகளோடு முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.